ட்ரில் பைப்புக்குள் ஸ்பாஞ்ச் பந்து: ரிக்கில் 9 வருஷ அனுபவம்

கான்கிரீட் பம்ப் ஓடும் சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மாடிக்குக் கலவை ஏற்றி முடித்ததும் லைனைச் சுத்தம் செய்ய உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் பந்தைத் திணித்துத் தண்ணீர் விட்டுத் தள்ளுவார்களே, அதே சங்கதிதான் எண்ணெய்க் கிணற்றிலும். குழாயின் நீளம்தான் வேறு. அங்கே நூறு இருநூறு மீட்டர், இங்கே கிலோமீட்டர் கணக்கு.

நான் இருப்பது ஓமானில், நிஸ்வாவைத் தாண்டித் தெற்கே மணிக்கணக்கில் போனால் வரும் பாலைவனத்தில், தரையில் நின்று எண்ணெய்க் கிணறு துளைக்கும் ஒரு லேண்ட் ரிக். ரஃப்நெக்காக, அதாவது ரிக் தளத்துத் தொழிலாளியாகச் சேர்ந்தேன், இப்போது அசிஸ்டென்ட் ட்ரில்லர். இந்த 9 வருஷத்தில் கையாலேயே பைப்புக்குள் தள்ளிய பந்துகள் நூறுக்குக் குறையாது.

முதலில் இதற்கு ஏன் மெனக்கெடுகிறோம் என்பது. கிணற்றின் ஒரு பகுதியை அடைக்கவோ பக்கவாட்டில் புதிதாகத் துளைக்கவோ சிமென்ட் பிளக் போடுவோம். அடிமுனை திறந்த ட்ரில் பைப் (துளைக்கும் குழாய்) வழியாகவே சிமென்ட் கூழ் கீழே போகும். பின்னாலேயே மட் (துளைக்கும்போது கிணற்றில் சுற்றவிடும் சேற்றுக் குழம்பு) அனுப்பித் தள்ளினாலும் குழாயின் நடுவில் ஓட்டம் வேகம், சுவரோரம் மந்தம். அதனால் உள்சுவரில் ஒரு படலம் தங்கிவிடும். 5 இஞ்ச் பைப்பின் உள்விட்டம் 4.276 இஞ்ச். 3,000 மீட்டர் நீளத்துக்கு உள்பரப்பைக் கணக்குப் போட்டால் சுமார் 1,020 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட், கால் ஏக்கர் நிலம். அவ்வளவு பரப்பில் 1 மில்லிமீட்டர் படலம் நின்றால்கூட ஒரு கன மீட்டர் சிமென்ட் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். காய்ந்தபின் அது சும்மா இருக்காது. அடுத்த முறை அதே பைப்பில் பிட், அதாவது பாறையைத் துளைக்கும் முனை, மாட்டி இறக்கும்போது செதில் செதிலாகப் பெயர்ந்து அதன் நாசில் துவாரத்தில் போய் உட்காரும்.

போடும் விதம் எளிது. பைப்பை மெதுவாக உருவி, சிமென்டின் தலைமட்டத்துக்கு மேலே சில ஸ்டாண்ட் (சேர்த்தே கழற்றும் பைப் கோர்வை) வந்ததும் நிறுத்தி, மேலிருந்து பைப்பைச் சுழற்றும் டாப் டிரைவைக் கழற்றுவோம். பைப் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் பந்தை வாயில் வைத்ததும் தானே உள்ளே போய்விடும். இல்லையென்றால் கட்டையால் அமுக்க வேண்டும், ஏனென்றால் பைப்புகளை இணைக்கும் டூல் ஜாயின்ட்டின் துவாரம் பைப்பைவிடக் குறுகல். அந்தக் கட்டையில் கட்டாயம் கயிறு கட்டியிருக்க வேண்டும். கட்டை கைநழுவி உள்ளே போனால் அப்புறம் பந்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நம்மைப் பற்றித்தான் பேசுவார்கள். பந்தை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுவது எங்கள் வழக்கம்.

பிறகு எண்ணிக்கைதான். 3,000 மீட்டர் பைப்பின் கொள்ளளவு ஏறத்தாழ 175 பேரல். எங்கள் பம்பில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.1 பேரல். ஆக 1,750 ஸ்ட்ரோக்கில் பந்து அடிமுனையைத் தாண்ட வேண்டும். நிமிஷத்துக்கு 80 ஸ்ட்ரோக் என்றால் 22 நிமிஷம். அங்கிருந்து வெளிப்பக்க இடைவெளி வழியாக மேலேறி, திரும்பும் மட்டைச் சலிக்கும் ஷேக்கருக்கு வர இன்னொரு மணி நேரம் போல ஆகும்.

ஷேக்கர் பக்கம் ஒரு ஆளை நிற்கவைப்பதில் நான் கறார். பந்து வந்து விழும்போது பார்த்தால்தான் தெரியும்: போகும்போது வெளிர் நிறத்தில் பொசுபொசுவென்று போனது, வரும்போது சாம்பல் பூசி, ஒரு பக்கம் துருவின் செம்மை, இன்னொரு பக்கம் மரைகளுக்குப் பூசும் பைப் டோப்பின் கறுத்த பிசுக்கு. பிழிந்தால் விரலிடுக்கில் நறநறவென்று சிமென்ட். போன வருஷம் சேர்ந்த மதுரைப் பையன் ஒருவன் முதல்தடவை பார்த்துவிட்டு, "அண்ணே, பந்து வந்துருச்சு, ஆனா இது நம்ம போட்டதான்னு தெரியலையே!" என்று கத்தினான். அந்த அழுக்குதான் நாங்கள் எதிர்பார்ப்பது. வெள்ளையாகத் திரும்பினால் அளவு போதவில்லை, சுவரைத் தொடாமலே வந்திருக்கிறது.

அளவு விஷயத்தில் என் கருத்து: 5 இஞ்ச் பைப்புக்கு 6 இஞ்ச் பந்து, இயற்கை ரப்பர் நுரை. கையால் அமுக்கினால் கைப்பிடிக்குள் அடங்கி, விட்டதும் பழையபடி எழ வேண்டும். பாலியூரித்தேன் பந்து விலை குறைவு. ஆனால் எங்களுக்கு வந்த சரக்கில் பாதிக்கு மேல் ஷேக்கரில் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. மீதித் துண்டுகள் எங்கே? இரண்டு நாள் கழித்து மட் பம்பின் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரை, அதாவது உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியைத் திறந்தபோது கிடைத்தன.

அதைவிட மோசம் நாலு வருஷம் முன்னால் நடந்தது. வழக்கமான பந்து தீர்ந்துபோய், வேறொரு சப்ளையரிடமிருந்து அவசரத்துக்கு வந்த கெட்டிப் பந்து. அமுக்கவே இரண்டு கை வேண்டும். "இது போகாது சார்" என்று ரிக்கின் பொறுப்பாளரான டூல்புஷரிடம் சொன்னேன், கேட்கவில்லை. அன்று பைப்பின் அடியில் 2⅞ இஞ்ச் ஸ்டிங்கர் என்ற ஒல்லிக் குழாய், அதன் உள்விட்டம் 2.441 இஞ்ச்தான். இரண்டு குழாயையும் இணைக்கும் கிராஸ்ஓவர் வரை போன பந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த பம்ப் சட்டென்று 1,800க்கு ஏறியது. நிறுத்தி, பிரஷரை இறக்கி, மறுபடி தள்ளிப் பார்த்தும் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் பைப்பை உருவினோம். அடைத்த குழாயில் மட் கீழே வடியாது. ஒவ்வொரு ஸ்டாண்டைக் கழற்றும்போதும் 27 மீட்டர் உயரத்து மட் அப்படியே ரிக் ஃப்ளோரில் கொட்டும். மட் பக்கெட்டைச் சுற்றி மாட்டினாலும் பாதி நம் மேல்தான். நூறு ஸ்டாண்டுக்கு மேல். கண்ணாடி, காதுக்குள், பூட்ஸுக்குள் எல்லாம் மட். கடைசியில் கிராஸ்ஓவரைக் கழற்றினால் பந்து சேதாரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தரமான பந்துதான், பொருத்தமில்லாத பந்து.

இன்னொன்று, பிட்டோ ஃப்ளோட் வால்வோ (ஒருவழி வால்வு) மாட்டிய பைப்பில் பந்து போடவே கூடாது. வெளியேற வழியில்லை. கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்காமல் ஒருவர் கையில் பந்தோடு வந்து நிற்பார்.

டீசல் கலந்த ஆயில் பேஸ் மட்டில் இயற்கை ரப்பர் பந்து நிலைக்காது. சும்மா ஒன்றை ஒரு ராத்திரி டீசலில் போட்டுப் பார்த்தேன். காலையில் ஊதிப்போய், நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அந்த மட் உள்ள கிணறுகளுக்கு நைட்ரைல் பந்து தனியாகக் கேட்டு வாங்குகிறோம், விலை கூடத்தான்.

சேமிப்பில் நாங்கள் செய்த தப்பு, சாக்கோடு வெயிலில் வைத்தது. ஒரு கோடை போனதும் எடுத்து அமுக்கினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. இப்போது கறுப்புப் பையில் கட்டி, மெக்கானிக் கன்டெய்னருக்குள், ஏசி காற்று படும் இடத்தில். சிமென்டில் ஒருமுறை போய்வந்த பந்தைக் கழுவித் திரும்பப் போடுவதும் இல்லை. துளைகளுக்குள் சிமென்ட் இறுகிவிடுகிறது.

ரிக் தளத்து அறையான டாக் ஹவுஸின் போர்டில் இப்போதும் இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன், போனது, வந்தது என்று. நேற்று ராத்திரி பிளக்குக்கு போனது 2, வந்தது 1. இதை எழுதும்போது ஷேக்கர் பக்கம் பையன் டார்ச்சோடு நிற்கிறான்.