காரைக்குடியில் ஆயா வீட்டுச் சாப்பாடு

கொப்புடையம்மன் கோவிலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு பழைய வீட்டின் முகப்பில் ஆறு மேசை போட்டு மதியச் சாப்பாடு மட்டும் போடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, தெருவில் யாரைக் கேட்டாலும் "ஆயா வீடுதானே?" என்று கை காட்டுகிறார்கள். போன மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் அடுத்தடுத்து இங்கே சாப்பிட்டேன்.

முதலில் சாப்பாடு. கோழி ரசத்துக்காகவே போகலாம். மிளகையும் சின்ன வெங்காயத்தையும் தட்டிப் போட்டு எலும்போடு நன்றாகக் கொதிக்கவிட்டிருக்கிறார்கள், சோற்றில் ஊற்றிக்கொள்வதை விட டம்ளரில் வாங்கிக் குடித்தவர்கள்தான் அதிகம். உப்புக்கறியில் வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கறி, அவ்வளவுதான், மசாலாத் தூள் எதுவும் போட்டு அமுக்கவில்லை. ஊர் ஊராக 'செட்டிநாடு' என்று பெயர் போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரத்தையும் சிவப்புச் சாயத்தையும் கொட்டுகிறார்களே, அதையே சாப்பிட்டுப் பழகியவர்கள் இங்கே ஒருமுறை வரவேண்டும். வெண்டைக்காய் மண்டி, அரிசி களைந்த தண்ணீரில் செய்ததுதான், புளிப்பு சரியாக இருந்தது. இரண்டாம் நாள் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. கை கழுவும் இடமும் நெருக்கடி, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் காத்திருக்கவேண்டும். சாப்பாடு 120 ரூபாய், கறி தனி.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே அன்றைய கறி வகைகள், கீழே சாக்கட்டியில் இப்படி: 'பரிமாறுகிறவர்களை டேய், ஏய், பையா என்று கூப்பிட வேண்டாம். அண்ணே, தம்பி, அக்கா, எது வாய்க்கு வருகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள்.' நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் ஓர் இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கும், இலையிலிருந்து தலையைத் தூக்காமல் "பையா, ரசம்!" என்றார். ரசம் கொண்டுவந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், மீசை முழுக்க நரை. கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆயா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பையன் காலேசுக்குப் போயிருக்கான் தம்பி. இவுக அவனோட அப்பா." அந்த இளைஞர் காது சிவந்துபோய், அடுத்த முறை மோர் கேட்கும்போது "அண்ணே" என்றார். அதோடு விஷயம் முடிந்தது, யாரும் அதை வளர்க்கவில்லை.

பையன் என்பதில் என்ன கெடுதல்? எங்கள் அம்மா என்னை 'என் பையன்' என்று நாலு பேரிடம் சொல்லும்போது அதில் பெருமைதான் இருக்கிறது. ஆனால் ஐம்பது வயது ஆளை அப்படிக் கூப்பிட்டால் அவர் பதிலுக்கு நம்மை அதே சொல்லால் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் வேலை போய்விடும். ஒரு சொல் எங்கே கெட ஆரம்பிக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தில்தான் என்று சொல்வேன்.

இன்னொன்றும் நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண், மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, "ஆயா, தண்ணி" என்று கேட்டுவிட்டாள். அம்மா பதறிப்போய், "பாட்டின்னு சொல்லு, ஆயான்னு சொல்லக்கூடாது" என்று அதட்டினார். மரியாதை குறைந்துவிடக்கூடாதே என்றுதான் சொன்னார், அவர்மேல் தப்பில்லை. ஆயா சிரித்துக்கொண்டே, "சொல்லட்டும்மா, என் பேரன் பேத்தியெல்லாம் அப்படித்தேன் கூப்பிடுதுக" என்றார்.

எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. இந்தப் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவள் ஆயா, அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. எனக்கும் ஒரு ஆயா இருந்தார். நான் சென்னையில் நாலாம் வகுப்பு படிக்கும்போது ஊரிலிருந்து வந்திருந்தார், ஒருநாள் மத்தியானம் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். நான் "ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கூட இருந்த பையன்கள், "உங்க வீட்டு ஆயாவாடா?" என்றார்கள். அங்கே ஆயா என்றால் வகுப்பறை கூட்டுகிறவர், சின்னப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறவர். மறுநாளிலிருந்து அவரைப் 'பாட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை, தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுத் தெருவோரமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அந்த நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

பெரியவனான பிறகு அகராதியில் தேடிப் பார்த்தேன். வேலைக்கார ஆயாவுக்கு மூலம் போர்த்துகீசியர்களின் 'அயா', பிள்ளை வளர்க்கிறவள் என்று அர்த்தம். அது லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் 'அவியா'விலிருந்து வந்தது என்கிறார்கள். கடல் தாண்டி வந்த சொல்லுக்கும் அடியில் ஒரு பாட்டிதான் இருக்கிறாள்! அப்புறம் அது எப்படித் தாழ்ந்தது? வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் பெண்களைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள், போய்ச் சேர்ந்ததும் சிலரைத் திரும்பி வரக் காசு கொடுக்காமல் கைவிட்டார்கள். அப்படி நின்றவர்கள் தங்க லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று இருந்தது, ஹாக்னியில் அந்தக் கட்டடத்துக்கு 2022-இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். காசு கொடுக்காமல் கைவிடக்கூடிய ஆளுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது கொஞ்ச நாளில் கீழே போய்விடும், ஆயா என்ற சொல் அப்படித்தான் போனது.

கூலி என்ற சொல்லையும் பாருங்கள். வள்ளுவர் 'மெய்வருத்தக் கூலி' என்கிறார், உழைத்தவன் கையில் சேரவேண்டிய பலன் அது. 1860-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றிப் போனார்கள், அங்கே அந்த ஆட்களுக்கே பெயர் கூலி என்றானது. பிறகு வழக்கறிஞர் காந்தியையும் கூலி என்றே சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்றைக்கும் அது வசைச் சொல்.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இடக்கரடக்கல், மங்கலம் எல்லாம் படித்தோம், 'கால் கழுவி வந்தேன்' என்பதும் கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் அதில் வரும். அது பெரும்பாலும் சொல்லக் கூசுகிற காரியத்தையும் அமங்கலத்தையும் மூடி வைப்பது. ஆளைக் குறிக்கிற சொல்லை மூடி வைத்து மட்டும் ஆகாது. தோட்டி என்றோம், துப்புரவுத் தொழிலாளர் என்று மாற்றினோம், இப்போது தூய்மைப் பணியாளர். மாற்றியது நல்லதுதான், முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் கையுறையும் முழுச் சம்பளமும் கொடுக்காமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நாலாவது பெயரும் ஒருநாள் திட்டுகிற வார்த்தையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

இந்த மெஸ்ஸில் எனக்குப் பிடித்தது அதுதான். பலகையோடு நிற்கவில்லை. மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் பரிமாறியவர்கள், இலை எடுத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் எல்லோரும் நாங்கள் சாப்பிட்ட அதே மேசையில் உட்கார்ந்தார்கள், ஆயாதான் பரிமாறினார். உப்புக்கறி அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தது.

இரண்டாம் நாள் கிளம்பும்போது கல்லாப் பக்கம் நின்று, "ஆயா, போயிட்டு வர்றேன்" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. "நாளைக்கு நண்டு, வாங்க" என்றார். நண்டு சனிக்கிழமை மட்டும்தான், ஒரு மணிக்குள் போய்விடுங்கள். கார்டு வாங்குவதில்லை, ஜிபே உண்டு.