ஆடுஜீவிதமா, மீசையா? பின்நவீனத்துவம் முடிந்துவிட்டதா?

களியக்காவிளைப் பக்கம் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு மலையாள நாவல் எடுப்பது என்று முடிவானது. போட்டியில் இருந்தவை பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’, எஸ். ஹரீஷின் ‘மீசை’. நான் மீசைக்குக் கைதூக்கினேன். "பின்நவீனத்துவமெல்லாம் எப்பவோ செத்தாச்சு தம்பி, இப்ப எல்லாரும் நேரா கதை சொல்லத் திரும்பியாச்சு" என்றார் அண்ணன் ஒருவர். பின்நவீனத்துவம் என்று அவர் சொன்னது, ஒரே உண்மை என்று நம்பாமல் கதையை உடைத்தும் கலைத்தும் விளையாடிச் சொல்லும் முறையை; மீசை அந்த ரகம். அது செத்தாச்சு என்பதில்தான் எனக்கு இடிக்கிறது.

ஆடுஜீவிதம் (2008) பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு நம் பக்கம் குறைவு. அங்கே வேலைக்குப் போய்ப் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் சிக்கிக்கொள்ளும் நஜீப், ஆடுகளுக்கு ஊர்க்காரர்கள் பெயரை வைத்துக் கூப்பிடும் இடத்தில் யாருக்கும் தொண்டை அடைக்கும். அருமையான நாவல், சரி.

மீசை வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து, 2018இல். நாயகன் வாவச்சன் ஒரு புலையர், கேரளத்தில் ஒடுக்கப்பட்ட சாதி. நாடகத்தில் போலீஸ் வேடம், பெரிய மீசை, ஒரு வரி வசனம்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மேல்சாதிக்காரர்கள் மிரண்டுபோகிறார்கள். அப்புறம் அவன் மீசையை எடுக்க மாட்டேன் என்கிறான். அதிலிருந்து கேரளத்தின் காயல் பகுதியான குட்டநாடு முழுக்க அவனைப் பற்றிக் கதைகள், ஒன்றுக்கொன்று ஒத்தே போகாத கதைகள்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்புச் சொல்வது இரண்டாவது வாசிப்பு. நஜீப் தப்பிப்பானா என்ற பதைப்பு முதல் தடவையோடு தீர்ந்துவிடுகிறது, மறுபடி எடுத்தபோது அங்கங்கே பக்கங்களைத் தள்ளிவிட்டேன். மீசையில் நேர்மாறு. முதலில் குழப்பமாகத் தெரிந்த வதந்திகள் ஒவ்வொன்றையும் பார்த்து, இதை யார் கிளப்பிவிட்டது, அவனைப் பூதமாக்கினால் யாருக்கு நிம்மதி என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். சாதிக்குப் பயந்த ஊர் தன் பயத்தை மறைக்கக் கட்டும் கதைகள் அவை, அவற்றை எடுத்துவிட்டால் நாவலே இல்லை. தொண்ணூறுகளில் தமிழில் வந்த சோதனை நாவல்கள் சிலவற்றில் உத்திதான் முன்னால் நின்றது, மனிதர்கள் பின்னால். அவற்றை நான் திரும்பத் திறக்கவே இல்லை. அதே உத்திக்கு இங்கே உருப்படியான வேலை கிடைத்திருக்கிறது.

பென்யாமினையே பாருங்களேன். ஆடுஜீவிதத்துக்குப் பிறகு, 2011இல், அவர் எழுதிய ‘மஞ்ஞவெயில் மரணங்ஙள்’ நாவலுக்குள் பென்யாமின் என்ற எழுத்தாளரே பாத்திரமாக வருகிறார். நேர்கதையிலிருந்து விளையாட்டுக்குப் போயிருக்கிறார் மனுஷன், அண்ணன் சொல்வதற்கு எதிர்த்திசை. வெர்மியுலன், வான் டென் ஆக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல், பின்நவீனத்துவத்துக்கு அடுத்த போக்கு என்று ‘மெட்டாமாடர்னிசம்’ பற்றிப் பேசியபோதுகூட, கிண்டலுக்கும் மனமார்ந்த நம்பிக்கைக்கும் நடுவே ஊசலாடுவது என்றார்களே தவிர, பழையதைத் தலைமுழுகியாகிவிட்டது என்று சொல்லவில்லை.

வட்டத்துக்குப் புதுசாக வருகிறவர்கள் நிறைய இருந்தால் ஆடுஜீவிதத்தையே எடுங்கள். மீசையின் குட்டநாட்டுப் பேச்சு, மலையாளம் சரளமாகப் படிக்கிற நம் ஆட்களையே ஆரம்பத்தில் திணறடிக்கும்.