காற்றா, கரண்டா: கல் அறுக்க எந்த கிரைண்டர்?

கல் அறுக்கும்போது தண்ணீர் விட்டே ஆக வேண்டும். கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் உண்டு. அதன் காய்ந்த தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாக்க வழியில்லை. கரண்டு கிரைண்டருக்குச் சிக்கல் ஆரம்பிப்பதும் இந்தத் தண்ணீரில்தான். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற பிரேக்கர் போட்டால் ஷாக்கிலிருந்து தப்பலாம். ஆனால் கல்சேறு மோட்டாரின் காற்றுத் துளை வழியே போய் ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுற்றும் கம்பிச்சுருளைத் தின்பதை எந்த பிரேக்கரும் தடுக்காது.

கம்ப்ரசர் அனுப்பும் காற்றில் சுற்றும் காற்று கிரைண்டருக்கு இந்தப் பயம் இல்லை. எடையும் குறைவு. பிளேடு கல்லில் இறுகினால் பேசாமல் நின்றுவிடும், விடுவித்தால் மறுபடி சுற்றும். கரண்டு கிரைண்டரை அப்படி இறுக்கி வைத்தால் சில நொடியில் கருகல் வாடை வரும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் காற்றுக்கு மாறவில்லை? கம்ப்ரசர்தான் காரணம். 4 இஞ்ச் காற்று கிரைண்டர் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 25 கன அடி காற்றைக் குடிக்கும். 1 எச்பிக்கு 4 கன அடி என்று போட்டால் கம்ப்ரசர் ஏறக்குறைய 4 முதல் 6 எச்பி வேண்டும். டயருக்குக் காற்றடிக்கிற சின்ன கம்ப்ரசரில் மாட்டினால் அரை நிமிடம் பாடும், அப்புறம் முனகும். அதே அளவு கரண்டு கிரைண்டர் 1000 வாட்டுக்குள் வேலையை முடித்துவிடும். கரண்டு பில்லைப் பார்த்தால் காற்று தோற்றது, சந்தேகமே வேண்டாம். ஹோஸ் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் வழியிலேயே அழுத்தம் கரைந்துவிடும். அரை இஞ்ச் ஹோஸ் போட்டு, கிரைண்டர் ஓடும்போது அதன் வாயருகே 90 இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும்போது மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள்.

பராமரிப்பில் கரண்டு கிரைண்டர் அதிகம் கேட்காது: தேய்ந்த கார்பன் பிரஷை மாற்றி, தூசியை ஊதிவிட்டால் போதும். காற்று கிரைண்டர் தினமும் கவனிப்பு கேட்கும். ஒருமுறை வார இறுதியில் எண்ணெய் விடாமல் அப்படியே தொங்கவிட்டுப் போய்விட்டேன். திங்கட்கிழமை லீவரை அழுத்தினால் உஸ்ஸென்று காற்று போகிறது, தண்டு அசையவில்லை. திறந்து பார்த்தால் ரோட்டரில் இருக்கிற தகடுகள் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தன, சிலிண்டரில் செம்பழுப்பாகத் துரு. கம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு வந்து செய்த வேலை அது. இப்போது தினமும் டேங்கைத் திறந்து தண்ணீரை வடிக்கிறேன். வேலை முடிந்ததும் காற்று நுழைகிற வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, சில நொடி ஓட்டிவிட்டுத்தான் மாட்டுகிறேன். இன்ஜின் ஆயில் வேண்டாம், பிசினாகித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டிலும் பிளேடில் அச்சிட்ட ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) கிரைண்டரின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. சில காற்று கிரைண்டர்கள் அழுத்தம் கூடக்கூட வேகமெடுக்கும், அங்கே இன்னும் கவனம் தேவை.

பட்டறையில் நாள் முழுக்கத் தண்ணீரில் ஓரம் தேய்க்கிற வேலை என்றால் என் கை காற்று கிரைண்டருக்குத்தான் போகும். வெளியே போய் நாலு வெட்டு வெட்ட வேண்டும் என்றால் யார் கம்ப்ரசரைச் சுமப்பது? கரண்டு கிரைண்டர்தான்.