ஸ்நாட்ச் பழக: இடுப்பருகிலிருந்தா, தரையிலிருந்தா?

பளுதூக்குதலில், பாரை (எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புக் கம்பி) தரையிலிருந்து ஒரே அசைவில் தலைக்கு மேல் தூக்குவதுதான் ஸ்நாட்ச். அதைப் பழக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாரை இடுப்பருகே பிடித்துத் தொடங்கி, அப்புறம் முழங்கால், கடைசியில் தரை என இறங்குவது. மற்றொன்று, முதல் நாளே தரையிலிருந்து முழு அசைவையும் செய்வது.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான். அதில் கவனிக்க வேண்டியது குறைவு: கால்களால் தரையை உந்துவது, பாரை உடலை ஒட்டியே ஏற்றுவது, சட்டென்று அதன் அடியில் உட்கார்ந்து கைகளை நீட்டிப் பூட்டுவது. கை சீக்கிரம் மடங்கினால் உடனே தெரிந்துவிடும். ஆண்களுக்கான வெறும் பாரே 20 கிலோ, பெண்களுக்கானது 15. அது கனமாக இருந்தால் நீளமான குச்சி போதும்.

தரை வழியில், பார் முழங்காலைத் தாண்டும் பாதை ஆரம்பத்திலேயே பழகிவிடும். ஆனால் பிழை எங்கே தொடங்கியது என்று பிடிப்பது கடினம்.

குறிப்பேட்டில் எடையோடு தொடங்கிய இடத்தையும் எழுதுங்கள். இடுப்பருகிலிருந்து தூக்கிய 40 கிலோவும் தரையிலிருந்து தூக்கிய 40 கிலோவும் ஒரே கணக்கில் சேராது.