மதுரை வெயிலில் நியூட்: ஃபேனா, சில்லரா?

நியூட் என்பது பல்லி போல வால் உள்ள, தவளையைப் போன்ற நீர்நில வாழ்வி. தொட்டியில் எந்த நியூட்டை வளர்ப்பது என்பதை முதலில் முடித்துவிடலாம். சீன ஃபயர் பெல்லி சிறியது, 10 செ.மீ.க்குள் நிற்கும். ஆனால் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் இரை எடுப்பது குறையும். கண்ணாடியில் ஏறித் தப்பிக்கவும் பார்க்கும். ஸ்பானிஷ் ரிப்டு நியூட் 20 செ.மீ. தாண்டி வளரும், தண்ணீரிலேயே வாழும், 25 வரை பெரிதாகச் சிரமப்படாது. மதுரைக்கு இதுதான் சரி. டார்ஜிலிங் பக்கத்து இமாலய நியூட் சட்டப் பாதுகாப்பில் உள்ளது, அதைத் தொடவே கூடாது. வெளிநாட்டு இனத்தையும் இறக்குமதிக் காகிதம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

'சூடு தாங்கும்' என்றால் 25 தாங்கும் என்றுதான் பொருள். அந்த 25 நமக்கு மார்கழியில்தான் தானாகக் கிடைக்கும். அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியே 31, 32 காட்டும்.

தண்ணீர்மேல் வீசும் சின்ன ஃபேன் விலை குறைவு, கரண்டும் கொஞ்சம்தான். சித்திரை வைகாசியின் வறண்ட காற்றில் 3, 4 டிகிரி இறக்கும். அப்போதும் 27க்குக் கீழே வராது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆவியாகும் தண்ணீர். ஒரு நாளைக்கு 3 லிட்டர் குறைகிறது, அதை டிடிஎஸ் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு) 1000 உள்ள போர் தண்ணீரால் நிரப்புகிறோம் என்று வையுங்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒரு நாளில் 3 கிராம். 100 லிட்டர் தொட்டியில் ஒரே மாதத்தில் டிடிஎஸ் இரட்டிப்பை நெருங்கிவிடும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்தால் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபேன்தான் என்றால் ஆவியான அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே நிரப்புங்கள், வாரம் கால்வாசி மாற்றுங்கள். மூடிக்குப் பதில் வலை போட்டு, நான்கு பக்கமும் கிளிப் மாட்டுங்கள்.

தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லரின் விலை கடிக்கும்தான். ஆனாலும் நான் சொல்வது சில்லர்தான். வருடம் முழுக்க 21, 22இல் நிறுத்த வேறு வழியில்லை. இரண்டு நியூட்டுக்கு 3 அடி நீளம், 1¼ அடி அகலத் தொட்டியில் 1 அடி தண்ணீர் விட்டால் சுமார் 105 லிட்டர். இதற்கு 1/10 எச்.பி. போதும், பின்புறமும் பக்கங்களிலும் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் மெஷின் ஓயாமல் ஓடாது. பலர் செய்யும் தவறு, அதைத் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் பூட்டி வைப்பது. கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து, இரவு பகலாக ஓடியும் தண்ணீர் குளிராது. வெளியே, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். சில்லரின் காற்று வலையில் படியும் தூசியைப் பதினைந்து நாளுக்கொருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் வடிகட்டி) வழியாக வரும் தண்ணீரைத் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் மோதவிடுங்கள். நியூட்டுக்கு நீரோட்டம் ஆகாது.

கரண்ட் போனால் சில்லர் வெறும் பெட்டி. ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் நாலைந்து எப்போதும் உறைந்திருக்கட்டும். 100 லிட்டரில் ஒரு பாட்டில் கரைந்தால் ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள், ஒன்று கரைந்தபின் அடுத்தது. நியூட் மேலே மிதந்துகொண்டு புழுவைச் சீண்டாமல் இருந்தால் அன்றைக்கு இரை போட வேண்டாம், தெர்மாமீட்டரைப் பாருங்கள்.