முட்டி ஜவ்வுத் தையல்: ஆபரேஷன் தியேட்டருக்குள் ஐந்து நட்சத்திரம், வெளியே இரண்டு

ஷட்டில் ஆடும்போது காலை ஊன்றித் திரும்பினேன். வலது முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். வீம்புக்கு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் முட்டி வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. எம்ஆர்ஐயில் உள்பக்க மெனிஸ்கஸ், அதாவது மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவ ஜவ்வு, நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டின் நடுவே வந்து சிக்கியிருந்தது தெரிந்தது.

சர்ஜன் எடுத்த எடுப்பில் வெட்டிவிடலாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது. ஒரு தாளில் பிறை வரைந்தார். வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம், கிழிசல் அங்கே இருந்தால் தையல் ஒட்டும். உள் ஓரம் என்றால் ஒட்டுவது கஷ்டம். முன்பெல்லாம் முழு ஜவ்வையும் எடுத்துவிடுவார்களாம். அப்படி எடுத்த முட்டிகள் பின்னால் எப்படி மாறுகின்றன என்று 1948ல் ஃபேர்பேங்க் என்பவர் எக்ஸ்ரேயில் காட்டியிருக்கிறார். "வெட்டினால் சீக்கிரம் நடப்பீர்கள், தைத்தால் முட்டி ரொம்ப நாள் உழைக்கும். உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. முட்டிக்குள் விட்ட கேமரா காட்டும் திரையை, கேட்டதும் என் பக்கம் திருப்பி வைத்தார்கள். உப்பு நீர் நிரப்பிய என் முட்டி மீன் தொட்டி மாதிரி இருந்தது. நைந்த துணியின் ஓரம் போல ஜவ்வு அசைந்தது. கொக்கியால் அதைத் தள்ளி இடத்தில் உட்கார வைத்து, உள்ளிருந்தே நான்கு தையல். வெளியே சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு துளை, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்னை நன்றாக ஏமாற்றியது. ஒரே வாரத்தில் ஆபீஸ் என்று நினைத்திருந்தேன். ஆறு வாரம் முட்டியைப் பிடித்து வைக்கும் பிரேஸ், ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பதெல்லாம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோ தொடரவும்' என்று ஒரே வரி. நீட்டிய காலோடு கழிப்பறையில் எப்படி உட்காருவது? போன் செய்தால் நாலு பேருக்கு மாற்றிவிட்டு லைன் கட்.

அப்புறம் நானே தேடிப் பிடித்த பிசியோதான் காப்பாற்றினார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். தொடை என் பேச்சைக் கேட்கவே இல்லை. முறைத்துப் பார்த்தேன், அசையவில்லை! நாலாம் நாள்தான் லேசாகத் துடித்தது.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்பே பிசியோவைப் பார்த்துவிடுங்கள், ஊன்றுகோலில் நடந்தும் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது நாலாவது மாதம். மெதுவாக ஓடுகிறேன், குந்தி உட்காருவது இன்னும் கிடையாது. ஆறு மாதம் முடியும் வரை ஷட்டில் பற்றிக் கேட்கவே கூடாது என்றார் பிசியோ. நேற்றும் கேட்டேன்.