லோஞ்சி இடுப்பில் அடங்கும் பர்ஸ்

2019-ஆம் ஆண்டு, இரங்கூனில் சுலே பகோடாவுக்கு அருகே நகரப் பேருந்தில் ஏறும் நெரிசலில், என் கால்சட்டையின் பின்பையிலிருந்த பர்ஸ் பறிபோனது. அதில் இருந்த பணம் ஏறத்தாழ அறுபதாயிரம் கியாட். அந்தப் பணத்துக்காக நான் ஒரு இரவுகூடத் தூக்கம் கெடவில்லை. ஆனால் அதனோடு போன சிங்கப்பூர் அடையாள அட்டைக்கும், மூன்று வங்கி அட்டைகளுக்கும், பேருந்து அட்டைக்கும், எதற்கென்று எனக்கே நினைவில்லாத கடை அட்டைகளுக்கும் பட்ட பாடு பெரிது. காவல் நிலையத்தில் பர்மிய மொழியில் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க அரை நாள் போயிற்று. வங்கிகளை அழைத்து அட்டைகளை முடக்குவதற்குள் கைப்பேசியில் வைத்திருந்த காசு தீர்ந்தது. சிங்கப்பூர் திரும்பியதும் அடையாள அட்டை தொலைந்ததை 14 நாட்களுக்குள் தெரிவித்து, புதிய அட்டைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். முதல் முறை தொலைத்தால் அந்தத் தொகை. மறுமுறை தொலைத்தால் 300 வெள்ளி.

பெருந்தொற்றும் அதன் பிறகு 2021-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சேர்ந்து பல ஆண்டுகள் ஊர்ப்பக்கம் போக முடியாமல் செய்தன. கடந்த தை மாதம் மூன்று வாரம் இரங்கூனில் அத்தை வீட்டில் தங்கி வந்தேன். இம்முறை புறப்படும் முன்பே பர்ஸை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளையும் எடுத்து, ‘இது எவ்வளவு பெறும்’ என்று கேளாமல், ‘இது தொலைந்தால் திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும்’ என்று கேட்டுப் பார்த்தேன். பணம் தொலைந்தால் மறுநாள் வேறு பணம். வங்கி அட்டை என்றால் ஒரு வாரம். சிங்கப்பூர் அடையாள அட்டைக்குச் சில வாரங்கள். பர்மியப் பதிவு அட்டை, அதாவது அந்நாட்டு அடையாள அட்டை, தொலைந்தால் எத்தனை மாதம் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த வரிசையில் அடுக்கியபோது, நான் இத்தனை நாளும் எதைக் காக்க வேண்டுமோ அதைப் பின்பையில் வைத்துக்கொண்டு, எதைத் தொலைத்தாலும் பரவாயில்லையோ அதை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன் என்பது புரிந்தது.

சிங்கப்பூர்ப் பக்கத்தில் மெலிவது எளிதாக இருந்தது. 2021 நவம்பர் முதல் அங்குள்ள அரசு அலுவலகங்கள் சிங்பாஸ் செயலியில் தெரியும் அடையாள அட்டையை ஏற்றுக்கொள்வதால், அசல் அட்டை வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பேருந்திலும் ரயிலிலும் வங்கி அட்டையையே தட்டிச் செல்லலாம் என்பதால் பயண அட்டை தேவைப்படவில்லை. வங்கி அட்டைகளில் இரண்டை மட்டும் எடுத்தேன். ஒன்று உடம்போடும் மற்றொன்று பெட்டியின் அடியிலும் இருந்தன. இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதானால் இரண்டு எடுத்துப் போவதில் பொருளே இல்லை. சிங்கப்பூர் வங்கிகள் வெளிநாட்டில் காந்தப்பட்டை மூலம் அட்டையைப் பயன்படுத்துவதை வழக்கமாகவே முடக்கி வைத்திருக்கின்றன. பயண நாட்களுக்கு மட்டும் செயலியில் அதைத் திறந்து, எடுக்கக்கூடிய தொகையையும் குறைத்துக்கொண்டேன். கணக்கின் பெரும்பகுதியை, கைப்பேசி மூலம் எவரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி 2023-இன் இறுதியில் வந்தது. அதையும் பயன்படுத்தினேன்.

இந்த இடத்தில் ஒரு நண்பர், அலைவரிசையைத் தடுக்கும் உலோகப் பர்ஸ் ஒன்றைப் பரிசாகத் தர முன்வந்தார். நான் வேண்டாம் என்றேன். தட்டிச் செலுத்தும் அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் பேசும். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் குறியீட்டைத்தான் அனுப்பும். பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் கருவியை நீட்டி என் கணக்கைக் காலி செய்துவிடுவார் என்ற அச்சத்தைக் காட்டிலும், அவர் விரலை நீட்டிப் பர்ஸையே உருவிவிடுவார் என்ற அச்சம்தான் அனுபவத்துக்குப் பொருந்துகிறது. அந்த உலோகப் பெட்டியோ எடையும் கூடியது, நோட்டும் அடங்காதது.

விமானம் இறங்கியதும் அட்டைகளின் கதை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நகரின் நடுவில் மூன்று பணம் எடுக்கும் இயந்திரங்களில் முயன்றேன். முதலாவது மின்சாரம் இல்லாமல் இருண்டு கிடந்தது. இரண்டாவது என் அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தது. மூன்றாவதில் ஒருவழியாகச் சிறு தொகை கிடைத்தது; அது அதிகாரப்பூர்வ மாற்று விலையை ஒட்டிக் கணக்கிடப்பட்டதால், பணமாற்றுக் கடையில் அமெரிக்க டாலரைக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் கியாட்டை நினைத்து வயிறு எரிந்தது. மத்திய வங்கி 2022 ஆகஸ்டிலிருந்து ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று அறிவித்து வைத்திருக்கிறது. சந்தை அதற்கு வெகுதூரம் மேலே போய்விட்டது. ஆகவே ஊருக்குப் போகிறவர் கையில் நோட்டாகத்தான் டாலர் இருக்க வேண்டும், அதுவும் எப்படிப்பட்ட நோட்டு என்பதில்தான் மெலிந்த பர்ஸ் என்ற கனவு முதல் அடி வாங்குகிறது.

பணமாற்றுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், என் நூறு டாலர் நோட்டை விளக்கொளியில் பிடித்து, முதலில் நீலப் பட்டையைச் சாய்த்துப் பார்த்தாள். 2013 அக்டோபரில் வெளிவந்த புதிய நூறில்தான் அந்தப் பட்டை உண்டு. பட்டையில்லாத பழைய நோட்டுக்கு விலை குறைவு, சில கடைகளில் விலையே இல்லை. பிறகு நகத்தால் நடுக்கோட்டைத் தடவினாள். முகத்தின் குறுக்கே ஒரு மடிப்பு இருந்த நோட்டைத் தனியே ஒதுக்கினாள். மற்றொன்றில் மடிப்போடு, மூலையில் பேனா முனை பட்ட அளவு ஒரு நீலப் புள்ளியும்; அதையும் ஒதுக்கினாள். நான் வாதாடவில்லை. ஐந்தில் மூன்றுதான் மாறின. டாலரை மடித்து வைக்கும் எந்தப் பர்ஸும் இந்த ஊருக்கு ஆகாது என்று புறப்படும்போதே எனக்கு எச்சரித்தவர்கள் உண்டு. நான்தான் இரண்டு நோட்டை மட்டும் அவசரத்துக்கு என்று மடித்து வைத்திருந்தேன். மீதி, கெட்டி அட்டைக் கோப்பொன்றில் தட்டையாக இருந்தமையால் தப்பின.

மாறிய பணம் வந்தபோது கை கனத்தது. பர்மாவில் சாதாரணமாகப் புழங்கும் மிகப் பெரிய நோட்டு 10,000 கியாட், 2012-இல் வந்தது. 2023-இல் 20,000 நோட்டு ஒன்று வெளியிடப்பட்டாலும் அது கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. பத்து லட்சம் கியாட் என்றால் நூறு நோட்டு, அதாவது ஒரு முழுக் கட்டு. வீட்டுச் சாமான் வாங்கப் போனால் அதில் ஒரு பகுதியாவது கையோடு வேண்டும். அட்டைகளைக் குறைத்து மெலியவைத்த பர்ஸ், மறுநாளே கொழுக்கட்டை போல் உப்பிவிட்டது.

விடையை அத்தையிடமிருந்து கற்றேன். எழுபதைக் கடந்த அவர், தினமும் காளி அம்மன் கோயிலுக்கும் தேஞ்சி சந்தைக்கும் நடந்தே போய் வருகிறார். பழைய ஆட்களுக்கு அது இன்னமும் சூரத்தி பஜார்தான். காய்கறிப் பணம், பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமேனின் மடிப்பில். கோயில் உண்டியலுக்கும் அர்ச்சனைக்குமான சில்லறை, கைக்குட்டையின் மூலையில் முடிச்சாக. பெரிய நோட்டு என்றால் சட்டையின் உட்பையில், ஊக்கு குத்தி. மூன்றையும் அவர் ஒரே இடத்தில் ஒருநாளும் சேர்த்ததில்லை. 1871-இல் எழுந்த அந்தக் கோயிலின் வாசலில் செருப்புக் காவல்காரருக்குக் கொடுக்க முடிச்சை அவிழ்த்தபோது, பெரிய நோட்டு இருக்கும் இடத்தை அவர் கை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பணம் வைத்திருப்பவர் அதைத் தொட்டுப் பார்க்கும் இடத்தைத்தான் திருடன் பார்ப்பான் என்பது அவருடைய கொள்கை. என் பர்ஸைப் பார்த்து, “ஏன் தம்பி, இவ்வளவையும் ஒரே பையில வச்சா, எடுக்கிறவனுக்கு வேலை ஒண்ணுதானே?” என்றார்.

ஆண்களுக்கு, கைலி போல இடுப்பில் சுற்றிக் கட்டும் லோஞ்சி இருக்கிறது. அதில் பை கிடையாது. ஆகவே பர்மியர்கள் பர்ஸையும் கைப்பேசியையும் பின்னிடுப்பில், முதுகோடு ஒட்டச் செருகிக்கொள்வார்கள். சிங்கப்பூரில் வளர்ந்த என் மகனுக்கு அதைப் பார்த்தாலே பதறுகிறது. ஆனால் வெயிலில் நடக்கும்போது அது தோலோடு ஒட்டிக்கிடப்பதால், நழுவினாலோ எவரும் இழுத்தாலோ உடனே தெரிகிறது; கால்சட்டைப் பின்பையில் அந்த உணர்வு இல்லை. ஒரே நிபந்தனை, பொருள் தட்டையாக இருக்க வேண்டும். கட்டு நோட்டைச் செருகினால் லோஞ்சியின் முடிச்சே தளர்ந்துவிடும். நான் மூன்றாம் நாளே அங்கிருந்த ஒரு கடையில் பூட்டுவாய் இல்லாத சிறு தோல் உறை ஒன்று வாங்கி, ஒரு வங்கி அட்டை, பத்து நோட்டு மட்டும் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்கு மேல் வேண்டிய நாட்களில் மீதியைச் சட்டையின் உட்பையில் வைத்து, அத்தையிடம் வாங்கிய ஊக்கைக் குத்தினேன்.

நோட்டைக் குறைக்க இன்னொரு வழி கைப்பேசிப் பணப்பை. 2018-இல் வந்த கேபிஇசட் பே இன்று டீக்கடை வரை புழங்குகிறது. வேவ் மணி அதற்கும் முந்தியது. சித்தப்பா மகன் தன் கடையில் நாளெல்லாம் அதில்தான் வாங்குகிறான். பதிவு அட்டையும் உள்ளூர் சிம்மும் இருந்தால் கணக்குத் திறக்கலாம் என்பதால் நானும் திறந்தேன், ஆனால் என் சொந்தக் கைப்பேசியில் அல்ல. சிங்கப்பூர் வங்கியின் சாவிகள் அனைத்தும் இருக்கும் கைப்பேசியைச் சந்தையில் நீட்டி நீட்டிக் காட்டுவது, வீட்டுப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்குவதைப் போன்றது. அத்தை வீட்டில் சும்மா கிடந்த பழைய கைப்பேசி ஒன்றில் உள்ளூர் சிம்மைப் போட்டு, இரண்டு மூன்று நாள் செலவுக்கான தொகையை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டேன். திரையின் பூட்டுக்கு ஒரு எண், செயலிக்கு வேறு எண். இந்த ஏற்பாடு பெரும்பாலான நாட்களில் நன்றாக நடந்தது. மின்வெட்டு நேரத்தில் அலைக்கம்பமும் சேர்ந்து ஓய்ந்துவிடும்போது மட்டும், கடைக்காரரும் நானும் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் இடுப்பிலிருந்து நோட்டை எடுப்பேன். தன்லின் பக்கம் பீலிக்கான் கோயிலுக்குப் போன அன்று, வழி முழுவதும் நோட்டுதான் உதவியது.

எல்லாவற்றையும் பிரித்துவைத்த பிறகும் பிரிக்க முடியாததாக நின்றது பதிவு அட்டை. அதன் நிறமே ஒருவருடைய குடியுரிமையின் வகையைச் சொல்லிவிடும். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இளஞ்சிவப்பு முழுக் குடிமக்களுக்கு, நீலமும் பச்சையும் மற்றவர்களுக்கு. பர்மாத் தமிழர்களான நம்மவர்களில் அந்த இளஞ்சிவப்பு அட்டைக்காகப் பல்லாண்டு அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. வெளியூர்ப் பேருந்துச் சீட்டுக்கு அதன் எண் வேண்டும். விடுதிக்கு அட்டையே வேண்டும். உறவினர் வீட்டில் இரவு தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் விருந்தாளியாகப் பெயர் கொடுக்க அதைத்தான் கேட்கிறார்கள். நகருக்குள் வெறுமனே சுற்றும் நாட்களில்கூட அதை வீட்டில் விட்டுவர எவரும் துணிவதில்லை. ஆகவே அதைப் பணத்தோடு சேர்க்காமல், நீர்புகா உறையில் இட்டு, உட்சட்டைக்குள் கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். கடவுச்சீட்டு அத்தையின் பீரோவில் இருந்தது.

வங்கியில் ஏன் பணத்தைப் போட்டு வைக்கக் கூடாது என்று ஒருநாள் அத்தையிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வரிசையாகச் சொன்னார். 1964 மே மாதம் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள்; தாத்தாவின் அரிசிக் கடை அப்போது அரசிடம் போன நேரம். 1985 நவம்பரில் மறுபடியும் 50, 100. 1987 செப்டம்பரில் 25, 35, 75. அதற்கு மாற்றுப் பணம்கூடத் தரவில்லை. அதன்பின் வந்த 45, 90 நோட்டுகளைத் தம் கையாலேயே எண்ணியிருப்பதாகச் சொன்னார். ஒன்பதால் வகுபடும் நோட்டில் மீதிச் சில்லறை கணக்கிட்டுக் கணக்கிட்டு அவருக்கு இன்றும் ஒன்பதாம் வாய்ப்பாடு மறக்கவில்லையாம். 2021-இல் வங்கி வாசல்களில் பணம் எடுக்க மக்கள் விடியற்காலையிலிருந்து நின்றதை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது அவருக்கு நேற்று நடந்தது. அவருடைய சேமிப்பு கழுத்திலும் கையிலும் மஞ்சளாக மின்னுகிறது. அதைப் பாதுகாப்பான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவரிடம் வாதாடும் தகுதி எனக்கு இல்லை.

சில்லறைதான் கடைசிவரை தொல்லை. சிறு நோட்டுகள் அரிதாகி, கடைகளில் மீதிக்கு மிட்டாயும் டிஷ்யூ பொட்டலமும் தருகிறார்கள். கிடைக்கும் நோட்டோ ஒட்டுப்பசைத் தாளால் உயிர் பிழைத்திருப்பது. ஒருவர் நம்மிடம் தள்ளிவிட்ட கிழிந்த நோட்டை அடுத்த கடையில் வாங்க மாட்டார்கள். மெலிந்த உறையில் அப்படி இரண்டு சேர்ந்தால் பாதி இடம் போயிற்று.

புறப்படும் நாளில் மீந்த 34,500 கியாட்டை அத்தையிடம் கொடுத்தேன். சிங்கப்பூரில் அதை மாற்றித் தருவார் இல்லை. அவர் ஒவ்வொரு நோட்டாக முழங்காலின் மேல் வைத்து நீவி, வரிசைப்படுத்தி, கைக்குட்டையில் முடிந்தார். நடுவில் குறுக்கே ஒட்டுப்போட்ட ஒரு 500 கியாட் நோட்டை மட்டும் திருப்பி என் கையில் வைத்தார்.

“இதை யாரும் வாங்க மாட்டாங்க தம்பி. நீயே வச்சுக்க.”

அது இப்போதும் அந்தத் தோல் உறையில், வங்கி அட்டைக்குப் பின்னால் கிடக்கிறது.